சித்திரைத் திருவிழாவுக்கு 11 பேர் வருகிறார்கள், 20 மாதப் பையனை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது?

புதூர்க்காரி
மே 3, 2025, இரவு 11:40

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சொந்தக்காரர்கள் வருவது பிடிக்காது என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். பிடிக்கும். கல்யாணமாகி நாலு வருஷமாகச் சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் வீட்டில்தான் கூட்டம், நானும் சந்தோஷமாகத்தான் ஓடியாடிச் செய்தேன். போன சித்திரையில் பையன் சரியாகத் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை, வைத்த இடத்தில் கிடந்தான். இப்போது 20 மாதம். கட்டில், ஜன்னல், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றிலும் ஏறுகிறான்.

மதுரை புதூரில் மாடி வீடு, இரண்டு பெட்ரூம். எங்களுக்கு மேலே மொட்டைமாடிதான், பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி எங்கள் தலையில் இறக்குகிறது. நாளைக்குக் கத்திரி ஆரம்பம். 8ஆம் தேதி மீனாட்சி கல்யாணம், 9ஆம் தேதி தேர், 12ஆம் தேதி அழகர் ஆற்றில் இறங்குகிறார். 7ஆம் தேதி ராத்திரி வைகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறவர்கள் 14ஆம் தேதிதான் கிளம்புகிறார்கள். அத்தை, மாமா, வீட்டுக்காரரின் பெரியப்பா, பெரியம்மா (எனக்கும் கூப்பிடுவது அப்படித்தான்), மதினி, அண்ணன், அவர்களுடைய 6 வயதுப் பெண், 7 மாதக் கைக்குழந்தை, கொழுந்தனாரும் அவர் மனைவியும், பெரியப்பாவின் பேரன் ஒருவன், ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். மொத்தம் 11.

என் பிரச்சினை இதுதான். பையன் மதியம் 12:30க்குத் தூங்கி 2:30க்கு எழுவான். அந்தத் தூக்கம் கெட்டால் சாயங்காலம் முழுக்க வீடு ரணகளம். வருகிறவர்கள் எல்லாரும் "அட, தூங்குறானா, முகத்தை மட்டும் பார்த்துட்டு வர்றேன்" என்று கதவைத் திறப்பார்கள். சாப்பாடு சுத்தமாக இறங்குவதில்லை, "ஏன் இப்படி எலும்பும் தோலுமா வச்சிருக்கே" என்று ஆளுக்கொரு தடவை கேட்பார்கள். பொங்கலுக்குப் பெரியம்மா முறுக்கை ஒடித்து வாயில் வைத்து, அவன் மூச்சு முட்டி, நான் குப்புறப் போட்டு முதுகில் தட்டி எடுத்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அவர்கள் பிரியமாகத்தான் கொடுத்தார்கள். ஏசி ஒரு ரூமில்தான். நான் அடுப்படியில் நிற்கும்போது இவனை யார் பார்ப்பது?

மனசு நோகாமல் "வேண்டாம்" சொல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்.

ரெண்டு வாலுக்கு அம்மா
மே 4, காலை 6:15

அப்படி ஒரு வழி கிடையாது புதூர்க்காரி. நான் ஏழு வருஷமாகத் தேடிவிட்டேன்.

ஒன்று செய்யலாம். தூக்க நேரத்தில் ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நீங்களும் அவனோடு படுத்துவிடுங்கள். "குழந்தை தூங்குது" என்றால் கதவைத் திறப்பார்கள். "மருமகள் தூங்குகிறாள்" என்றால் மாமனார் அந்தப் பக்கமே வரமாட்டார். என் வீட்டில் நடந்த உண்மை. திட்டு விழும், விழட்டும், இரண்டு மணி நேரம் ஏசியில் படுத்து வாங்குகிற திட்டுதானே.

மேலமாசி மாமா
மே 4, காலை 7:50

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குழந்தையை வளர்க்க ஒரு அறிவியல் மாநாடே வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒன்பது பேர், எங்கம்மா யாரிடமும் போய்க் கேட்கவில்லை. கோடை என்றால் ஊரே வரும், முற்றத்தில் பாய் விரித்துப் படுப்போம், பானைத் தண்ணீரில் வெட்டிவேர் கிடக்கும். குழந்தை எல்லார் மடியிலும் வளரும். தூக்கம் ஒரு நாள் கெட்டால் என்ன குடி முழுகிவிடும்?

ராத்திரி ஷிப்ட்
மே 4, காலை 9:05

மாமா, அந்த முற்றம் இப்போது எங்கே இருக்கிறது? புதூர்க்காரி வீட்டில் இருப்பது 10க்கு 10 ரூம் இரண்டு. உங்கம்மாவுக்குக் கூட ஒரு அத்தையோ சித்தியோ இருந்திருப்பார்கள், ஒருத்தர் குழந்தையை இடுப்பில் வைத்திருக்க இன்னொருத்தர் குழம்பைக் கூட்டியிருப்பார்கள். இவர் தனியாக நிற்கிறார்.

புதூர்க்காரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அவ்வளவு பெரிய பதிவில் உங்கள் வீட்டுக்காரர் ஒரு முறைதான் வருகிறார், அதுவும் "வீட்டுக்காரரின் பெரியப்பா" என்று. வருவது அவர் சொந்தம். அந்த எட்டு நாள் அவர் என்ன செய்யப் போகிறார்? நானும் ஒரு அப்பன்தான், போன வருஷம் என் அக்கா குடும்பம் வந்தபோது "நான் ஆபீசுக்குப் போகணும்" என்று தப்பித்தவன்தான், அதனால் கேட்கிறேன்.

கரண்ட் பில்லையும் யோசியுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லை, கீழே உள்ள யூனிட்டுக்கும் ரேட் மாறிவிடும். ஏசியை 26இல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் குழந்தைக்கும் போதும், பில்லும் தாங்கும். 18இல் வைத்துவிட்டுக் கம்பளி தேடுகிற கொழுந்தனார் எல்லா வீட்டிலும் ஒருத்தர் உண்டு.

வார்டு நர்ஸ்
மே 4, மதியம் 2:30

நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்து எழுதுகிறேன். தூக்கம், கன்னத்தைக் கிள்ளுவது எல்லாம் இரண்டாம்பட்சம். கூட்டம் வரும்போது நான் பயப்படுவது வேறு மூன்று விஷயத்துக்கு.

ஒன்று, கைப்பை. பெரியவர்கள் எல்லாரும் மாத்திரையோடுதான் வருவார்கள், அது கட்டில் மேல், டிவி மேல், தலையணைக்கு அடியில் கிடக்கும். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம் பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும். சில சுகர் மாத்திரைகள் ஒன்றே ஒன்றை இந்த வயதுக் குழந்தை முழுங்கினாலும் ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும், அதுவும் உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்துக்கூடத் தெரியும். வந்த அன்றைக்கே எல்லார் மாத்திரையையும் வாங்கிப் பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். முழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தால்கூட, வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர் கொடுக்காமல், மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி.

இரண்டு, பக்கெட். கூட்டம் என்றால் தண்ணீர் பிடித்து வைப்பீர்கள். இந்த வயதில் தலைதான் பாரம். எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் திரும்ப எழத் தெரியாது, கத்தவும் முடியாது. அரை பக்கெட் தண்ணீர் போதும். பாத்ரூம் கதவுக்கு வெளியே, பெரியவர்கள் கை எட்டும் உயரத்தில் ஒரு கொண்டி அடியுங்கள்.

மூன்று, கற்பூரமும் அந்துருண்டையும். பரணிலிருந்து இறக்கும் பாய், போர்வைக்குள் அந்துருண்டை இருக்கும், உதறிப் பொறுக்கிவிடுங்கள். தைலம் தேய்க்கிற பாட்டி யாராவது இருந்தால் இரண்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பே வரலாம்.

மதினியின் 7 மாதக் குழந்தைக்கு யாராவது நாக்கில் தேன் தடவ வந்தால் தடுத்துவிடுங்கள். ஒரு வயது முடியும் வரை தேன் கூடாது, காய்ச்சினாலும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து கொதிக்கிற சூட்டுக்கெல்லாம் சாகாது.

பெங்களூர் மதினி
மே 4, மாலை 5:20

நான் எதிர்க்கட்சி. ஒவ்வொரு மே மாதமும் தம்பி வீட்டுக்குப் போய் இறங்குகிற மதினி நான்தான்.

எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, தம்பி பெண்டாட்டி அடுப்படியில் வியர்த்துக் கொட்டுவதைப் பார்த்து, "நான் வெங்காயம் உரிக்கட்டுமா" என்று கேட்டால் "நீங்க உட்காருங்க மதினி" என்று பதில் வரும். சரி என்று குழந்தையைத் தூக்கினால் அவள் முகம் மாறும். உட்காரவும் முடியாது, எழவும் முடியாது. வேறு வேலை இல்லாததால்தான் தூங்குகிற குழந்தையைப் போய் எட்டிப் பார்க்கிறோம்.

வந்தவுடனே எனக்கு இன்ன வேலை என்று சொல்லிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். ஒரு தடவை என் தம்பி பெண்டாட்டி "மதினி, சாயங்காலம் ஆறு மணிக் குளியல் உங்களுது" என்றாள். அந்தப் பத்து நாளும் நான் ஐந்தரைக்கே துண்டோடு நின்றேன்.

திண்டுக்கல் பூட்டு
மே 4, இரவு 8:00

சின்ன விஷயம். வேர்க்குருவுக்குப் பவுடரைக் கொட்டாதீர்கள், குழந்தை அதை மூச்சில் இழுக்கும், தோலிலும் வியர்வையோடு சேர்ந்து பசை மாதிரி அடைத்துக்கொள்ளும். இரண்டு வேளைக் குளியல், கைவைக்காத பருத்தி பனியன், அவ்வளவுதான். நுங்குத் தண்ணீர் தடவுவது எங்கள் ஆச்சி வைத்தியம், எனக்குக் குணமாகியிருக்கிறது. ஆனால் நுங்கை முழுசாகக் குழந்தை கையில் கொடுத்துவிடாதீர்கள், வழுக்கிக்கொண்டு போய்த் தொண்டையை அடைக்கும், ஸ்பூனில் மசித்துக் கொடுங்கள். திராட்சை, வேர்க்கடலை, நீங்கள் சொன்ன முறுக்கு, எல்லாம் அதே ஜாதி.

புதூர்க்காரி
மே 6, இரவு 10:10

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி ஷிப்ட் அண்ணா கேட்ட கேள்வியை அப்படியே வீட்டுக்காரரிடம் காட்டினேன். முதலில் "யார் அவன்" என்றார். அப்புறம் மொட்டைமாடிக்குப் போய்விட்டு வந்து, வியாழன், வெள்ளி, திங்கள் மூன்று நாள் லீவு போட்டிருக்கிறேன் என்றார். கொண்டி அடித்தாயிற்று. பாயை உதறினேன், நர்ஸ் அக்கா சொன்ன மாதிரியே நாலு அந்துருண்டை. ஒன்று பாதி கரைந்து கல்கண்டு மாதிரியே இருந்தது, கை நடுங்கிவிட்டது.

மதினிக்கு போன் செய்து "சாயங்காலக் குளியல் உங்களுது" என்றேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் "கடலைமாவு கொண்டு வரவா, பாசிப்பயறு மாவு கொண்டு வரவா" என்று கேட்டார்கள்.

மேலமாசி மாமா
மே 7, காலை 7:30

ராத்திரி ஷிப்ட் தம்பி சொன்னதை யோசித்துப் பார்த்தேன். எங்கம்மாவோடு இரண்டு அத்தைகள் இருந்தார்கள், நிஜம்தான். அம்மா திருக்கல்யாணம் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை, அதுவும் நிஜம்தான். கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு.

புதூர்க்காரி
மே 9, இரவு 11:55

யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும், வீட்டில் இதை இன்னும் பெரியவர்களிடம் சொல்லவில்லை.

இன்றைக்குத் தேர். பாதிப் பேர் மாசி வீதிக்குப் போய்விட்டார்கள். நான் சமையல், அத்தை கீழே பூக்காரியிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், வீட்டுக்காரர் தண்ணீர் கேன் வாங்கப் போயிருக்கிறார். பெரியப்பாவின் பேரன் மட்டும் ஹாலில் வழக்கம்போல மொபைலும் கையுமாகக் குப்புறப் படுத்திருந்தான். வந்ததிலிருந்து ஆளாளுக்கு அந்தப் பையனைத் திட்டிக்கொண்டிருக்கிறோம், நானும்தான், "அதை வச்சுட்டு ஒரு வாய் சாப்பிடுப்பா" என்று.

யாரோ பாத்ரூம் போய்விட்டுக் கொண்டியை மாட்ட மறந்திருக்கிறார்கள். எனக்குக் கேட்டதெல்லாம் மொபைல் தரையில் விழுந்த சத்தம்தான். ஓடினேன். பச்சை பக்கெட்டுக்குள் இவன் தலையும் ஒரு கையும், கையில் சிவப்பு மக், கால் இரண்டும் தரையைவிட்டு மேலே. அந்தப் பையன் இவன் டிரவுசரைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துத் தூக்குகிறான். மூக்கில் தண்ணீர் ஏறி இருமினான், அவ்வளவுதான், முகம்கூட முழுசாக நனையவில்லை. பையனிடம் எப்படிப்பா பார்த்தே என்று கேட்டேன், "பேசிக்கிட்டே இருந்தான், திடீர்னு சத்தம் இல்ல அத்தை" என்றான். மொபைலைப் பார்த்துக்கொண்டே காதை இவன் மேல் வைத்திருந்திருக்கிறான்.

மொபைல் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. நாங்கள் மாற்றித் தருகிறோம் என்றோம், வேண்டாம் என்கிறான்.

வார்டு நர்ஸ்
மே 10, காலை 5:40

டியூட்டியிலிருந்து எழுதுகிறேன். இருமல் நின்றுவிட்டதா? இன்றைக்கு மூச்சு வாங்கினாலோ, இருமல் கூடினாலோ, வழக்கமில்லாமல் சோர்ந்து தூங்கினாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள், தாமதிக்கக் கூடாது. இல்லை என்றால் பயமில்லை.

அந்தப் பையனுக்கு என் பேரில் ஒரு ஜிகர்தண்டா. இனிமேல் கொண்டிக்கு அவன்தான் பொறுப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். பெரியவர்களிடமும் மறைக்காதீர்கள், கொண்டியை மறந்தது யார் என்று கண்டுபிடிக்க வேண்டாம், விஷயம் மட்டும் தெரியட்டும்.

புதூர்க்காரி
மே 10, இரவு 10:30

சொல்லிவிட்டேன். இருமல் நேற்றே நின்றுவிட்டது, இன்றைக்கு வழக்கம்போல ஏறிக்குதிக்கிறான். மாமா ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் பக்கெட் நாலையும் கவிழ்த்தார். பேரன் சுவரில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறான், "கொண்டி போட்டாச்சா?" என்று, கீழே ஒரு மண்டை ஓடு படம். மாத்திரை விஷயத்தில்தான் மாமாவுக்கு இன்னும் கோபம், "வந்த அன்னிக்கே என்னை நோயாளியாக்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டா" என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வேளாவேளைக்கு என்னிடம் கேட்டு வாங்கிப் போடுகிறார். வழக்கமாக மதிய மாத்திரையை மறந்துவிடுவாராம், அத்தை சொன்னார்கள்.

பெரியம்மா மலைத்தேன் கொண்டு வந்திருந்தார்கள், கைக்குழந்தைக்கு என்று! நான் வாயைத் திறப்பதற்குள் மதினியே "ஒரு வயசாகட்டும் பெரியம்மா" என்று வாங்கி வைத்துவிட்டார்கள். இப்போது நாங்கள் எல்லாரும் அதைத் தோசைக்குத் தொட்டுக்கொள்கிறோம்.

தூக்கம் மட்டும் சரியாகவில்லை. 12:30க்குப் படுக்க வைத்தால் 1:10க்கு எழுந்துவிடுகிறான்.

ரெண்டு வாலுக்கு அம்மா
மே 11, காலை 6:40

ஊர் கூடியிருக்கும்போது அந்த வயதுக்கு இரண்டு மணி நேரத் தூக்கம் வராது, ஹாலில் அத்தனை பேர் சிரிக்கிற சத்தம் கேட்டால் நமக்கே தூக்கம் வராதே. இரவு, பகல் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் என்பார்கள். மதியம் குறைந்தால் ராத்திரி எட்டுக்கே படுக்க வைத்துப் பாருங்கள். எட்டு நாளில் ஒன்றும் ஆகாது, அவர்கள் போன பிறகு மூன்று நாளில் பழைய டைமுக்கு வந்துவிடுவான். மேலமாசி மாமா சொன்னதில் அந்த ஒரு வரியை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

12ஆம் தேதி ஆற்றுக்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்களா?

புதூர்க்காரி
மே 11, மதியம் 3:15

ஆற்றுக்கு இல்லை. விடிகாலையில் அந்த நெரிசலில் இவனை வைத்துக்கொண்டு நிற்க எனக்குத் தைரியம் கிடையாது. நான், மதினி, இரண்டு குழந்தைகள் வீட்டில், மற்றவர்கள் ஆற்றுக்கு. இன்றைக்கு எதிர்சேவைக்கு அழகர் வரும்போது மூன்றுமாவடிப் பக்கம் ஏதாவது மண்டகப்படியில் (அழகர் நின்று பூஜை வாங்கிப் போகிற பந்தல்) ஓரமாக நின்று பார்த்தால் போதும் என்று காலையில் வீட்டுக்காரர் தோளில் தூக்கிப் போனார். தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர் ஒருவர் இவன் காலில் பட்டும் படாமலும் லேசாக அடித்தாராம், அதிலிருந்து வீட்டில் யாரைப் பார்த்தாலும் "பீச்சு, பீச்சு" என்கிறான். போன வாரம் வரை அம்மா, தா, காக்கா மூன்று வார்த்தைதான்.

ஆனால் இப்போது வீட்டில் வேறு கலவரம். பெரியப்பாவின் பல் செட்டைக் காணவில்லை. ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ஜன்னல் திண்டில் வைப்பார். காலையில் டம்ளர் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பல்லைக் காணோம். கட்டிலுக்கு அடியில், ஷூவுக்குள், வாஷிங் மெஷினில், குப்பைக்கூடையில் எல்லாம் தேடியாயிற்று. எல்லாரும் பையனைப் பார்க்கிறார்கள். பையன் "பீச்சு" என்கிறான்.

சும்மா பார்க்கிறேன்
மே 11, மாலை 4:00

ஒரு வாரமாக இந்த இழையைச் சத்தமில்லாமல் படிக்கிறேன், இதற்காகவே ஐடி உருவாக்கினேன். அரிசி டிரம்மைப் பாருங்கள். எங்கள் வீட்டில் வண்டிச் சாவி அங்கேதான் கிடைத்தது, மூன்று மாதம் கழித்து.

புதூர்க்காரி
மே 11, மாலை 5:30

அரிசி டிரம்மில் இல்லை. மதினியின் 6 வயதுப் பெண்ணின் ஒரு வளையலும், போன தீபாவளியிலிருந்து தேடிய டிவி ரிமோட் மூடியும் கிடைத்தன.

புதூர்க்காரி
மே 13, இரவு 11:20

நீளமாக எழுதப் போகிறேன், முடிந்தால் படியுங்கள்.

பல் இல்லாததால் பெரியப்பாவுக்கு 11ஆம் தேதி மதியத்திலிருந்து பருப்பு சோறுதான். நெய் விட்டு, ரசம் கொஞ்சம் ஊற்றி, மை மாதிரி குழைத்து. எங்கள் பையனுக்கும் அதேதான் நான் தினமும் போராடி ஊட்டுவது. சரி, ஒரே குக்கர் என்று இரண்டு பேருக்கும் சேர்த்து வைத்தேன். பெரியப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், எதிரில் பையன். அவர் ஒரு வாய் வைத்துப் பொக்கை வாயை அசைத்து அசைத்து மென்றார், கன்னம் உள்ளே போய் வெளியே வந்தது. இவன் அதையே பார்த்தான். அவர் இரண்டாவது வாய் எடுத்தபோது இவன் எழுந்து போய் அவர் தட்டில் கையை விட்டான். நான் தடுக்கப் போனேன். பெரியம்மா, முறுக்கு கொடுத்த அதே பெரியம்மா, என் கையைப் பிடித்து "நீ பார்க்காதே, அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்றார்கள். திரும்பிக்கொண்டேன். பத்து நிமிஷம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பினால் தட்டு காலி, இரண்டு பேருக்கும் மூக்கு வரை பருப்பு.

நேற்றும் இன்றும் அதே கதைதான். நான் ஊட்டினால் வாயை மூடுகிறான். பெரியப்பா சாப்பிட உட்கார்ந்தால் ஓடிப்போய் உட்காருகிறான். வெளியே அழகருக்கு ஊரே சக்கரைப்பொங்கல், புளியோதரை, நீர்மோர், பானகம் என்று அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்க, இந்த மனுஷர் இரண்டு நாளாகப் பருப்பு சோற்றோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை.

இன்னொரு விஷயம். இன்று காலையில் மதினியின் 6 வயதுப் பெண்ணுக்கு லேசாக வயிற்றுப்போக்கு, நாலு தடவை போய்விட்டது. எங்கேயோ மண்டகப்படியில் ஐஸ் போட்ட தண்ணீர் குடித்திருக்கிறாள். காய்ச்சல் இல்லை. ஓஆர்எஸ் வாங்கியிருக்கிறேன். அத்தை ஒரு டம்ளரில் இரண்டு ஸ்பூன் பொடியும் மேலே சீனியும் போட்டால் குழந்தை குடிக்கும் என்கிறார்கள். சரியா?

வார்டு நர்ஸ்
மே 13, இரவு 11:50

சீனி சேர்க்கவே கூடாது. இனிப்பு கூடினால் பேதியும் கூடும். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரே தடவையாகக் கலக்க வேண்டும், கண் அளவுக்கு டம்ளரில் தூவக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் மீதியை வைக்க வேண்டாம். இவளுக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் 100 முதல் 200 மில்லி, மடக்கு மடக்காக. உங்கள் பையனுக்கும் தொற்றினால் 50 முதல் 100, ஸ்பூனில். மெடிக்கலில் ஜூஸ் மாதிரி அட்டை டப்பாவில் வருவதை வாங்காதீர்கள், உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று போட்ட பொடிதான் வேண்டும். அவசரத்துக்கு வீட்டில் கலப்பதென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு தலைதட்டிய டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு.

சோறு, மோர், வாழைப்பழம் கொடுக்கலாம், பட்டினி போட வேண்டாம். ஆறு மணி நேரமாக யூரின் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, ரத்தம் கலந்து போகிறது, கண் உள்ளே போய்ச் சோர்ந்து கிடக்கிறாள் என்றால் காத்திருக்காதீர்கள், 108. எல்லாரும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தப் பொதுத் தட்டுக்காரர்கள் இரண்டு பேரும் முதலில்.

பெங்களூர் மதினி
மே 14, காலை 8:10

அந்த "நீ பார்க்காதே" இருக்கிறதே, என் மாமியாரும் அதையேதான் சொல்வார். அம்மா பார்த்துக்கொண்டே நின்றால் எந்தக் குழந்தையும் சாப்பிடாது, பரீட்சை ஹாலில் வாத்தியார் தோளுக்கு மேலே நிற்கிற மாதிரி.

குளியல் என்ன ஆனது? அதை எழுதவே இல்லையே.

புதூர்க்காரி
மே 16, காலை 10:00

குளியல் ஒரு நாள்கூடத் தவறவில்லை. பாசிப்பயறு மாவு. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் சாயங்காலம் வெந்நீராகத்தான் வரும் என்று மதினி மதியமே பிடித்து நிழலில் ஆறவைத்து (மூடி போட்டு, மேலே அம்மிக்கல் வைத்து, பக்கத்தில் பேரனைக் காவல் வைத்து) ஐந்தரைக்கு ஆரம்பிப்பார்கள். வேர்க்குரு அடங்கிவிட்டது. சின்னவளுக்கு 14ஆம் தேதி காலையிலேயே வயிறு சரியாகிவிட்டது, ராத்திரி திட்டமிட்டபடி ரயில் ஏறிவிட்டார்கள். நான் நேற்று முழுக்கத் தூங்கினேன். நான் படுத்து எழும் வரை சமையல், பையன் எல்லாம் வீட்டுக்காரர்தான், சாம்பாரில் உப்பு இல்லை, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலையில் பல் செட் கிடைத்தது. அத்தையின் பழைய தையல் மிஷின் இருக்கிறதே, அதன் கீழ் மிதிப்பலகைக்குப் பின்னால் பையன் தன் பொம்மைக் குதிரையை நிறுத்தி வைத்திருந்தான், அதற்கு முன்னால் ஒரு தேங்காய்ச் சில், ஒரு செவ்வந்திப் பூ, பல் செட். மண்டகப்படி கட்டியிருக்கிறான் போல.

இதைச் சென்னைக்கு கூரியரில் எப்படி அனுப்புவது? உடையாமல் போகுமா?

வார்டு நர்ஸ்
மே 16, காலை 11:15

காய விடாதீர்கள், காய்ந்தால் வளைந்துவிடும், அப்புறம் ஈறில் சரியாக உட்காராது. வெந்நீரிலும் கழுவக் கூடாது. பச்சைத் தண்ணீரில் கழுவி, ஈரப் பஞ்சில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு, ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் அசையாமல் பஞ்சு அடைத்து அனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததும் நன்றாகக் கழுவிவிட்டு, உடனே மாட்டாமல் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைக்கச் சொல்லுங்கள்.

புதூர்க்காரி
மே 16, மதியம் 1:20

டப்பாவில் அடைத்தாயிற்று, சாயங்காலம் அனுப்பிவிடுவேன். பெரியப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். "அதுக்கு என்னம்மா அவசரம்" என்றார். "மணி ஒண்ணாச்சே, அவன் சாப்பிட்டானா? வீடியோவைப் போடு, நானும் இப்பதான் உட்கார்றேன்."